தோற்கப் பிறந்த பறவைக்கு என் தொண்டை

"கத்துங்க அண்ணாச்சி" என்றான் ஜெபராஜ்.

நான் கத்தவில்லை. விசிறியை ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன்.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டின் பின்னறை அது. சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தையை ஒட்டியிருந்தார்கள். மெத்தை தீர்ந்துபோன இடத்தில் முட்டை அட்டை. ஜன்னல் கிடையாது. சித்திரை வெயில் அந்த மெத்தைக்குள் இறங்கி, பழைய ரப்பர் செருப்பைச் சுட வைத்த மாதிரி ஒரு வாடை. விசிறி ஓடினால் அந்தச் சத்தமும் மைக்கில் ஏறிவிடுமாம். வியர்வை காதுக்குள் இறங்கி, மாட்டியிருந்த ஹெட்போன் வழுக்கிக்கொண்டே இருந்தது.

எதிரே டிவியில் ஒரு பெரிய பறவை. திரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இறக்கை. கருநீல நிறம், தகடு வெட்டி ஒட்டியது போல இறகுகள். அலகைத் திறந்தபடி அசையாமல் நின்றது. என் குரலுக்காகக் காத்திருக்கிறதாம்.

"என்னன்னு கத்த?"

"அதோட பேரைத்தான். வாரோக்."

"அது பேரை அதுவே எதுக்குச் சொல்லுது? யாராவது கேட்டாவளா?"

"கதை அப்படி அண்ணாச்சி. இதுல வாற மிருகம் பறவைக்கெல்லாம் வேற பேச்சு கிடையாது. ஒவ்வொண்ணும் தன் பேரை மட்டுந்தான் சொல்லும்."

தன் பெயரைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாத பிறவிகளை நான் கோர்ட்டில் நிறையப் பார்த்தவன். அதனால் பெரிய ஆச்சரியம் இல்லை. மூச்சை இழுத்துக் கூப்பிட்டேன்.

"வாரோக்... வாரோக்... வாரோக்..."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜெபராஜ் தலையில் கை வைத்தான். "ஒரு தடவை போதும் அண்ணாச்சி! அது ஒரு தடவைதான் வாயத் திறக்குது!"

எனக்கு ஒரு பெயரை ஒரு தடவை மட்டும் கூப்பிட்டுப் பழக்கமே இல்லை.

சிவப்புப் பட்டைக்காரன்

நான் எழுதும் இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கோர்ட் டவாலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வெள்ளை உடுப்பு, தோளில் குறுக்கே சிவப்புப் பட்டை, நெஞ்சில் பித்தளை வில்லை. நீதிபதி தலையசைத்ததும் வராந்தாவுக்கு வந்து, வழக்குக்காரரின் பெயரை மூன்று முறை கூப்பிடுவது என் வேலை. மூன்றாவது கூப்பாட்டுக்கும் ஆள் வரவில்லை என்றால் வழக்குக் கட்டில் அப்படியே எழுதிவிடுவார்கள். வாதி வராவிட்டால் வழக்கே தள்ளுபடி. மூன்று முறை என்பது சட்டத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எந்த வக்கீலும் எனக்குக் காட்டியதில்லை. இரண்டோடு நிறுத்தவும் எவரும் விட்டதில்லை.

என் குரலைப் பற்றி நானே சொல்லக் கூடாது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. நான் கூப்பிட்டால் கோர்ட் ஓட்டின் மேலிருந்த புறாக்கள் எழும்பும். காம்பவுண்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி இருக்கும் டீக்கடையில் வழக்குக்காரர்கள் தைரியமாக வடை தின்றுகொண்டிருப்பார்கள். "சிதம்பரம் கூப்பிட்டா டீக்கடை வரைக்கும் கேக்கும், நீரு போய் உக்காரும்வே" என்று வக்கீல்களே சொல்லி அனுப்புவார்கள்.

எனக்குப் பின் வந்தவரின் குரலை ஒரு நாள் போய்க் கேட்டேன். பக்கத்தில் நின்ற கட்சிக்காரரே "என்ன சொன்னீய?" என்று திருப்பிக் கேட்டார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஓய்வு பெற்றபின் இந்தத் தொண்டைக்கு வீட்டில் வேலை இல்லை. காபி கேட்டால்கூட என் மனைவி காதைப் பொத்திக்கொள்வாள். "இங்க ரெண்டு பேருதான் இருக்கோம், எதுக்கு ஊரையே கூப்பிடுதீய?" என்பாள். அந்தச் சமயத்தில்தான் ஜெபராஜ் வந்தான். சர்ச் பாட்டுகளும் கிறிஸ்துமஸ் நாடகங்களும் ஒலிப்பதிவு செய்கிற ஆள். ஏதோ ஒரு வாய்தாவுக்கு வந்து என் குரலைக் கேட்டவன், மறக்காமல் வைத்திருந்திருக்கிறான். சென்னைக் கம்பெனி ஒன்று வெளிநாட்டுப் பொம்மைப் படத் தொடருக்குத் தமிழ்க் குரல் சேர்க்கும் வேலையை அவனிடம் கொடுத்திருந்தது. எதிரியின் பறவைக்குத் தொண்டை தேடிக்கொண்டிருந்தான்.

மூளையற்ற பலசாலி

அந்தப் பொம்மைப் படத் தொடரைப் பற்றி மரியாதையாக எழுத முயற்சி செய்கிறேன். முடியாது போலிருக்கிறது.

சின்னப் பிள்ளைகள் ஊர் ஊராகத் திரிகிறார்கள். பள்ளிக்கூடம் கிடையாது, கேட்க ஆள் கிடையாது. ஆளுக்கொரு பிராணியை வளர்த்து மோத விடுகிறார்கள். மோதுவது பிராணி, அடி வாங்குவது பிராணி, கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆடுவது இவர்கள்.

கதாநாயகன் பெயர் டிக்கோ. பத்து வயது. அவனுக்குக் குரல் கொடுத்தது ஸ்டெல்லா டீச்சர். கணக்கு டீச்சர், கல்யாண வயதில் இரண்டு பெண்கள். பள்ளிக்கூடம் விட்டதும் டவுன் பஸ் பிடித்து, சேலை முந்தியில் சாக்பீஸ் தூளோடு வந்து மைக் முன்னால் நிற்பார். வாயைத் திறந்தால் பத்து வயதுப் பையன். மெய்யான கெட்டிக்காரி. ஆனால் அந்த டிக்கோ இருக்கிறானே, அழுவதைத் தவிர அவனுக்கு ஒரு வித்தையும் தெரியாது.

அவன் வளர்ப்பது பும்பூ. பலாக்கொட்டைக்குக் கண் வைத்தது மாதிரி இருக்கும். நகரத் தெரியாது, உருளும்.

எதிரியின் பெயர் ஸேன். நெற்றியில் விழுந்த முடி, பேன்ட் பைக்குள் கை. அந்தக் கையை அவன் வெளியே எடுத்து நான் பார்த்ததே இல்லை. அவனுக்கு ஜெபராஜே குரல் கொடுத்தான். அவனுடைய பறவைதான் என் வாரோக். ஒரு தடவை இறக்கையை அடித்தால் மரங்கள் வேரோடு சாயும். மலையைச் சுற்றி வந்து மேகத்துக்குள்ளிருந்து பாயும். ஒவ்வொரு வாரமும் முக்கால்வாசி நேரம் ஜெயிப்பது அதுதான்.

அதற்கப்புறம் டிக்கோ அழுவான். அழுததும் பும்பூவின் வயிற்றில் வெளிச்சம் வரும். வெளிச்சம் பட்டதும் வாரோக் பொத்தென்று விழும். இதற்குப் பெயர் நட்பின் சக்தியாம். பறந்தவன் தோற்பான், பயிற்சி எடுத்தவன் தோற்பான், சொன்னதைச் சொன்னபடி செய்தவன் தோற்பான். உருண்டையாக இருந்தால் ஜெயித்துவிடலாம். இதை எழுதினவர்கள் ஆயுசில் ஒரு நாளும் ஓர் இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

"டீச்சர், உங்க பய அழுகைய நிறுத்துனாம்னா எம் பறவை ஜெயிச்சிரும்" என்றேன் ஒரு நாள்.

"அழலன்னா அவனுக்கு வேற என்ன அண்ணாச்சி தெரியும்? எங்க ஸ்கூல்லயும் இப்படி நாலு பேரு இருக்கான்" என்றார் டீச்சர், பனங்கற்கண்டை வாயில் ஒதுக்கியபடி.

வாரோக் மீதும் எனக்கு மரியாதை இல்லை. அவ்வளவு பெரிய இறக்கை இருக்கிறது. சாக்கடையைத் தாண்டக்கூடத் தெரியாத ஒரு பையன் கீழே நின்று "போ" என்றால் போகிறது, "அடி" என்றால் அடிக்கிறது, தோற்றால் திட்டு வாங்கிக்கொள்கிறது. உயரத்தில் போனதும் திரும்பிப் பார்க்காமல் போய்த் தொலைய வேண்டியதுதானே? போகாது. தன் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு அங்கேயே சுற்றும். முழு மூடம்.

அதன் மேல் எனக்கு ஏன் அவ்வளவு எரிச்சல் என்று அப்போது புரியவில்லை.

கையில் டீ கிளாஸோடு ஓடி வந்தவர்

இனி எழுதப் போவதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் சங்கரலிங்கம் என் கூடப்பிறந்த அண்ணன். அப்பா எங்களுக்கு விட்டுப்போனது தாமிரபரணிக் கரையில் ஒரு வாழைத்தோட்டம். அப்பா போனபின் பத்திரம் என் கையில் இருந்தது. நான் பங்கு பிரிக்காமல் இழுத்தடித்தேன். காரணம் பேராசை. அதற்கு அழகான வேறு பெயர் தேட இப்போது எனக்கு விருப்பமில்லை. அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். அவர் வாதி, நான் பிரதிவாதி.

வழக்கு நான் வேலை பார்த்த கோர்ட்டில் இல்லை, பக்கத்துக் கோர்ட்டில். விசாரணைக்கு வந்த அன்று அங்கே டவாலி லீவு. "சிதம்பரம், நீ இன்னைக்கு இங்கன நில்லு" என்றார் தலைமை எழுத்தர். இது என் சொந்த வழக்கு ஐயா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீதிபதி புதிதாக மாற்றலாகி வந்தவர், டவாலியின் பெயர் அவருக்குத் தெரியாது. அண்ணனின் வக்கீல் வேறொரு கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருந்தார்.

அண்ணன் வந்தார். வராந்தாவில் பட்டையோடு நின்ற என்னைப் பார்த்தார். முகத்தில் இருந்த படபடப்பு போய்விட்டது. கூப்பிடப் போவது தம்பி, காது கேட்காமல் போகுமா என்று நினைத்திருப்பார். நிதானமாக ரோட்டைக் கடந்து டீக்கடைக்குப் போனார்.

நீதிபதி தலையசைத்தார். நான் வராந்தாவுக்கு வந்தேன்.

"சங்கரலிங்கம்... சங்கரலிங்கம்... சங்கரலிங்கம்..."

மூன்று முறை. சாப்பாட்டில் உப்பு கேட்கிற குரலில். வராந்தா பெஞ்சில் இருந்த ஆள்கூடத் திரும்பவில்லை. ஒரு புறா அசையவில்லை.

அடுத்துப் பிரதிவாதியைக் கூப்பிட வேண்டும். "சிதம்பரம்... சிதம்பரம்... சிதம்பரம்..." என் பெயரை நானே, முழுத் தொண்டையில். புறாக்கள் மொத்தமாக எழும்பின. உள்ளே என் வக்கீல் எழுந்து நின்றார். வாதி கூப்பிட்டும் வரவில்லை, வழக்கு தள்ளுபடி.

என் பெயரைக் கேட்டுத்தான் அண்ணன் ஓடி வந்தார். கையில் பாதி குடித்த டீ கிளாஸ். ஓடிய வேகத்தில் டீ சிந்திச் சட்டைக் கை நனைந்திருந்தது. அதற்குள் அடுத்த வழக்குக் கட்டை எடுத்துவிட்டார்கள்.

"எம் பேரைக் கூப்பிட்டியாலே?"

"கூப்பிட்டேன்."

"கேக்கலையே."

"டீக்கடை தூரம்லா. லாரி போச்சு."

என் பெயர் கேட்ட அதே டீக்கடை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிளாஸை வராந்தாச் சுவரில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். கடைசியில் அந்தக் கிளாஸைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான்.

மனுப் போட்டால் வழக்கை மறுபடியும் எடுத்திருப்பார்கள். அவர் வக்கீல் கெஞ்சியிருக்கிறார். "கூப்பிட்டது எந் தம்பி. அவன் வாயில எம் பேரு வரலன்னா எனக்கு அந்த மண்ணு வேண்டாம்" என்று அண்ணன் சொன்னதாக அந்த வக்கீலே பிற்பாடு எனக்குச் சொன்னார். அதற்குப் பிறகு அண்ணன் என்னோடு பேசவில்லை. கல்யாண வீடுகளில் அவர் ஒரு பந்தி, நான் வேறு பந்தி. கேட்டவர்களிடமெல்லாம் லாரிக் கதையைச் சொன்னேன். சொல்லிச் சொல்லி அந்த லாரிக்கு ஒரு நிறம்கூட வந்துவிட்டது.

"கொஞ்சம் கம்மி பண்ணிக்கோங்க சார்"

தொடரின் கடைசிச் சண்டைக்கு வந்தோம். அதற்கு முந்தின நாள் சென்னையிலிருந்து ஜெபராஜுக்குப் போன். அவன் எங்களுக்கும் கேட்கும்படி வைத்தான்.

"சார், அந்தப் பறவை வாய்ஸ் சூப்பர். ஆனா அதான் பிரச்சினையே" என்றது ஒரு இளம் குரல். "பசங்க எல்லாம் வில்லன் பறவைக்கு சப்போர்ட் பண்றாங்க. லாஸ்ட் எபிசோட்ல அதைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கோங்க. தோக்குறப்ப அது பாவமா, வீக்கா கேக்கணும். ஓகேவா?"

போன் வைத்ததும் நான் சிரித்தேன். ஒரு பலாக்கொட்டையை ஜெயிக்க வைக்க மலை மாதிரிப் பறவைக்குத் தொண்டை கட்ட வேண்டியிருக்கிறது!

ஜெபராஜ் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, அடுத்த தொடரும் நமக்குத்தான்னு சொல்லிருக்காவ. அதை நம்பித்தான் பக்கத்து ரூமையும் பிடிச்சிருக்கேன். பைய கத்துங்க. இந்த ஒரு தடவ மட்டும்."

அவன் முகத்தைப் பார்த்துச் சரி என்றேன்.

மறுநாள் அந்தக் காட்சி. டிக்கோ அழுதான். டீச்சர் பிரமாதமாக அழுதார், மூக்கைக்கூட உறிஞ்சினார். வெளிச்சம் வந்தது. வாரோக் விழுந்தது. ஸேன் அதைப் பார்த்தான். "உதவாக்கரை" என்றான். பைக்குள்ளிருந்து கையை எடுக்காமல் திரும்பி நடந்தான். வாரோக் புழுதியில் கிடந்தபடி ஒரே ஒரு முறை அலகைத் திறந்தது.

நான் பைய கத்தினேன். "வாரோக்..."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெபராஜ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பதிந்ததைப் போட்டு என் ஹெட்போனில் கேட்க விட்டான்.

கேட்டேன். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். அன்று வராந்தாவில் நின்று அண்ணனைக் கூப்பிட்டேனே, அதே குரல். அன்று அதை அண்ணன் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து என் காதிலேயே அதைத் திருப்பிப் போட்டுவிட்டான் ஜெபராஜ்.

திரையில் ஸேன் முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தான். கூப்பிட வேண்டியவன் கூப்பிடாமல் போகிறான். மூடப் பறவை அவன் வாயில் தன் பெயர் வரும் என்று பார்த்துக்கொண்டு கிடக்கிறது.

"அழி" என்றேன்.

"நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி..."

"அழிலேன்னு சொல்லுதேன்லா!"

அவன் மறுபடி ஓட விட்டான். அலகு திறந்தது. நான் காலை அகட்டி நின்று கூப்பிட்டேன். "வாரோக்..." நிறுத்தவில்லை. "வாரோக்..." அலகு மூடிவிட்டது. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. "வாரோக்..." மூன்றாவதில் தொண்டை பிசிறி, கண்ணில் நீர் வந்துவிட்டது. வயசான ஆள் ஒரு பொம்மைப் படத்துக்கு அழுதான் என்று நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். நானும் வேறு யாராவது அழுதிருந்தால் சிரித்திருப்பேன்.

ஜெபராஜ் வாயைத் திறக்குமுன் டீச்சர் சொன்னார். "அழிக்காத ஜெபராஜ். முதல் சத்தம் அலகுக்குச் சரியா இருக்கு. ரெண்டாவதை அந்தப் பையன் முதுகு மேல போடு. மூணாவது, வெறும் வானத்தைக் காட்டுதாவல்லா, அங்கன வை. விநாடி சரியா வரும், நான் எண்ணிட்டேன்."

கணக்கு டீச்சர் எண்ணினால் எண்ணினதுதான். கச்சிதமாக உட்கார்ந்தது.

சென்னைத் தம்பி போனில் குதித்தான். ஆனால் ஒளிபரப்பு நாள் நெருங்கிவிட்டதால் அப்படியே போட்டார்கள். அடுத்த தொடர் எங்களுக்கு வரவில்லை. ஜெபராஜ் பிடித்திருந்த பக்கத்து அறையை விட்டுவிட்டான். ஒரு மாதம் என்னைக் கண்டால் ரோட்டின் மறுபக்கம் போனான். அந்தக் குற்றம் என்னுடையதுதான், மறுக்கவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கியதும் நாடகத்தில் கொடுங்கோல் ராஜாவுக்கு ஆள் கிடைக்காமல், வேறு வழியின்றி என்னிடமே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை

அந்தக் கடைசிச் சண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. நான் பார்க்கவில்லை. பும்பூ ஜெயிப்பதைப் பார்க்க எனக்கென்ன தலையெழுத்தா? வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே என் மனைவி டிவியைச் சத்தமாக வைத்திருந்தாள். மூன்று கூப்பாடும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

எடுத்தது நான்தான். அந்தப் பக்கம் ஏதோ பெண்பிள்ளை "தாத்தா, டிவி பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காவல்லா" என்று அதட்டுவது கேட்டது. "நான் எங்கட்டி பாத்தேன்? கண்ண மூடிக்கிட்டுக் கேக்கத்தான செய்தேன்" என்றது ஒரு குரல். எத்தனை வருஷமானாலும் எனக்குத் தெரிந்த குரல். அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருப்பதாக எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். போய்ப் பார்க்கவில்லை.

"சிதம்பரமாலே?"

"ஆமாண்ணே."

"பறவைக்குக் கத்துனது நீதான?"

"ஆமாண்ணே."

நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"நல்லாக் கேட்டுதுலே" என்றார் அண்ணன். "டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்."

நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.